பனித்தடத்தின் வரவும் செலவும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சட்டம் ஓர் அனுமானத்தை எழுதி வைத்திருக்கிறது: பதிவு பெற்ற ஒவ்வொரு ஸ்னோமொபைலும் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஆண்டுக்கு 50 கேலன், அதாவது சுமார் 190 லிட்டர், பெட்ரோல் எரிக்கும். வண்டி குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தாலும் 50 கேலன்தான்; வாரம் தவறாமல் இருநூறு மைல் ஓடினாலும் 50 கேலன்தான். அந்த ஐம்பதை மாநிலப் பெட்ரோல் வரியான கேலனுக்கு 30.9 சென்ட்டால் பெருக்கினால் 15 டாலர் 45 சென்ட் வரும். அதற்கு மேல் இன்னொரு 40 சதவீதத்தையும் சட்டம் கூட்டிக்கொள்கிறது. ஆக, ஒரு வண்டிக்கு 21 டாலர் 63 சென்ட். இந்தத் தொகை ஆண்டுதோறும் போக்குவரத்து நிதியிலிருந்து பிரிந்து ஸ்னோமொபைல் கணக்குக்குப் போகிறது.

அந்த மாநிலத்தில் ஸ்னோமொபைல்களுக்கான பொதுத்தடங்கள் சுமார் 25,000 மைல். மாநில நெடுஞ்சாலைகளின் மொத்த நீளமே 12,000 மைலுக்குச் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலைகளைவிட இரண்டு மடங்கு நீளமான ஒரு சாலை வலை டிசம்பரில் உருவாகி, மார்ச்சில் உருகிப் போய், அடுத்த டிசம்பரில் மறுபடி உருவாகிறது. இதைப் போடுவதும் பராமரிப்பதும் அரசின் பொறியாளர்களோ ஒப்பந்தக்காரர்களோ அல்ல. அறுநூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் கிளப்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவர்களுக்கு யார், எந்தக் கணக்கில் பணம் தருகிறார்கள் என்று தேடிப் போனால், வடஅமெரிக்கக் கிராமப்புறத்தின் மிக விசித்திரமான பொதுநிதி ஏற்பாடுகளில் ஒன்று கண்ணில் படும். வரவு வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. செலவோ இயந்திரம் ஓடிய மணிகளைப் பொறுத்தது. இரண்டுக்கும் நடுவே வானம் பனியைத் தருகிறது அல்லது தராமல் போகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், எந்தப் பேரேட்டிலும் பதிவாகாத ஒரு பெரிய நன்கொடை இருக்கிறது. அந்த நன்கொடையைக் கணக்கில் எடுக்காததே இந்த ஏற்பாட்டின் ஆழமான பலவீனம் என்பது என் கருத்து.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். புதுப்பனி விழுந்த தடத்தில் சில நூறு வண்டிகள் ஓடினால் போதும், தடம் கெட்டுவிடும். வண்டி வேகமெடுக்கும் இடத்திலும் பிரேக் பிடிக்கும் இடத்திலும் அதன் பட்டை பனியைத் தோண்டிப் பின்னால் குவிக்கிறது. அடுத்து வரும் வண்டி அந்தக் குவியலில் ஏறி இறங்கி அதை இன்னும் உயர்த்துகிறது. சனிக்கிழமை மாலைக்குள் தடம் முழுக்க இடுப்பை ஒடிக்கும் மேடுபள்ளம். இதைச் சரிசெய்யத்தான் க்ரூமர் வருகிறது. பட்டைச் சக்கரம் பூட்டிய ஒரு பெரிய இழுவை வண்டி. அதன் பின்னால் டிராக் என்று அழைக்கப்படும், எட்டடிக்கு மேல் அகலமான, வரிசையாக அலகுகள் பொருத்திய நீண்ட இரும்புச் சட்டம். அலகுகள் மேட்டைச் செதுக்குகின்றன, செதுக்கிய பனியைப் புரட்டிக் கலக்குகின்றன, கடைசியில் உள்ள தகடு அதை அழுத்திச் செல்கிறது. உழுத சேற்றில் பரம்படிப்பவருக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும்.

பனிக்கென்று ஒரு தனிக்குணம் உண்டு. உடைத்துக் கலக்கிய பனிப்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுக நேரம் வேண்டும், குளிர் வேண்டும், அதற்கு முன் யாரும் அதன்மேல் ஏறக் கூடாது. அதனால்தான் க்ரூமர்கள் இரவில் புறப்படுகின்றன. வேகம் மணிக்கு ஆறேழு மைல். அதைவிட வேகமாகப் போனால் டிராக் மேடுகளின்மேல் துள்ளிச் செல்லும், வெட்டாது. அறுபது மைல் தடம் என்றால் பத்து மணி நேரம். இரவு எட்டு மணிக்குக் கிளம்பியவர் காலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார், பல இடங்களில் சம்பளம் இல்லாமல். இரும்பு எந்திரத்துக்கோ டீசலுக்கோ தள்ளுபடி கிடையாது. நல்ல புதிய க்ரூமர் ஒன்றின் விலை எளிதாக இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும்.

இந்தச் செலவு பொதுச்செலவாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. விஸ்கான்சினின் சேய்னர் கிராமத்தில் கார்ல் எலியாசன் 1924இல் சறுக்குப் பலகையில் மோட்டாரைப் பூட்டினார். கனடாவின் கியூபெக்கில் ஜோசப்-அர்மான் பாம்பார்டியர் 1959இல் ஸ்கீ-டூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் வடஅமெரிக்காவில் ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் வண்டிகளை நெருங்கியது. அத்தனை வண்டிகளுக்கும் போக இடம் வேண்டுமே. வயலுக்குள் புகுந்தார்கள், வேலியை அறுத்தார்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டி அடிபட்டார்கள். வண்டிகளை ஒரு பாதைக்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் மாநிலங்களுக்கு வந்தது. பாதை வேண்டுமென்றால் பணம் வேண்டும். அதை ஓட்டுபவரிடமிருந்தே வாங்குவது என்பதுதான் பெரும்பாலான மாநிலங்கள் ஒப்புக்கொண்ட கொள்கை. பொது வரிப்பணத்தைக் கேளிக்கைக்குச் செலவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழவும் அது இடம் தரவில்லை.

பெட்ரோல் வரி இதற்குள் வருவதற்கான நியாயம் நேரானது. பெட்ரோல் வரி நெடுஞ்சாலைகளுக்காக வசூலிக்கப்படுவது. ஸ்னோமொபைலில் எரியும் பெட்ரோல் நெடுஞ்சாலையைத் தேய்ப்பதில்லை. டிராக்டருக்கு டீசல் போடும் விவசாயிக்கு வரிவிலக்கோ திருப்பித் தருதலோ இருப்பதுபோல, இவர்களுக்கும் அந்தப் பணம் திரும்ப வேண்டும். ஆனால் ஐந்து கேலன், பத்து கேலன் என்று ஆளாளுக்கு ரசீதோடு வந்து கேட்டால் அலுவலகச் செலவே மிஞ்சிவிடும். எனவே மொத்தமாக ஒரு மதிப்பீடு போட்டுத் தடங்களுக்குத் தருகிறார்கள். விஸ்கான்சினின் 50 கேலன் அந்த மதிப்பீடுதான். மினசோட்டா வேறு வழியில் போகிறது: மாநிலத்தில் விற்கும் பெட்ரோலில் சுமார் ஒரு சதவீதம் ஸ்னோமொபைல்களில் எரிகிறது என்று அதன் சட்டம் கொள்கிறது. இரண்டும் அனுமானங்களே என்றாலும் விளைவு வேறு. விஸ்கான்சினில் பதிவு குறைந்தால் பணமும் குறையும். மினசோட்டாவில் பனியே பெய்யாவிட்டாலும் மக்கள் கார் ஓட்டும்வரை ஒரு சதவீதம் வந்துகொண்டிருக்கும். தடங்களின் பக்கம் நின்று பார்த்தால் மினசோட்டாவின் வழிதான் உறுதியானது.

கூட்டரசு மட்டத்திலும் இதே தர்க்கம்தான். 1991ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில் ஐடஹோ செனட்டர் ஸ்டீவ் சிம்ஸ் பெயரில் பொழுதுபோக்குத் தடங்களுக்கான நிதி தொடங்கப்பட்டது. 1998 முதல் அது பொழுதுபோக்குத் தடத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8.4 கோடி டாலர். அதில் 30 சதவீதம் மோட்டார் வண்டித் தடங்களுக்கு, 30 சதவீதம் நடை, சைக்கிள் போன்றவற்றுக்கு, மீதி 40 பலரும் பகிரும் தடங்களுக்கு. நெடுஞ்சாலைக்கு வெளியே ஓடும் பொழுதுபோக்கு வண்டிகள் கட்டும் கூட்டரசு எரிபொருள் வரி ஆண்டுக்குச் சுமார் 28 கோடி டாலர் என்று கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகமே 2021இல் மதிப்பிட்டிருக்கிறது. கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. ஓட்டுபவர்களின் சங்கங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. அந்த வரியும் 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. க்ரூமரின் விலை அப்படி நிற்கவில்லை.

விஸ்கான்சினில் பணம் கிளப்புக்கு வந்துசேரும் வழியைப் பார்ப்போம். பெட்ரோல் வரிப் பங்கு, வண்டிப் பதிவுக் கட்டணம், டிரெயில் பாஸ் எனும் தட அனுமதிச்சீட்டுக் கட்டணம் ஆகியவை மாநில இயற்கை வளத் துறையின் கணக்கில் சேர்கின்றன. அங்கிருந்து மாவட்டம் போன்ற கவுன்டியின் நிர்வாகத்துக்கு, கவுன்டியிலிருந்து கிளப்புக்கு. அங்கீகரிக்கப்பட்ட தடத்துக்கு மைலுக்கு 300 டாலர் வரை பராமரிப்பு மானியம். செடி வெட்டுவது, அறிவிப்புப் பலகை நடுவது, வாயில்கதவு வைப்பது, க்ரூமர் ஓட்டுவது எல்லாம் இதற்குள்.

அறுபது மைல் பராமரிக்கும் ஒரு கிளப்பை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மானியம் 18,000 டாலர். வாரம் மூன்று முறை, பன்னிரண்டு வாரம் தடம் சீரமைத்தால் 36 சுற்று, ஒவ்வொன்றும் பத்து மணி நேரம், ஆக 360 மணி. முழு மானியத்தையும் க்ரூமருக்கே கொடுத்தாலும் மணிக்கு 50 டாலர். அதற்குள் டீசல், எண்ணெய், தேய்ந்த அலகு, அறுந்த பட்டை, காப்பீடு, கொட்டகை வாடகை, இரண்டு லட்சம் டாலர் எந்திரத்தின் தேய்மானம். ஓட்டுநருக்குக் கூலி கொடுக்க எங்கே இடம்? நல்ல பனிக்காலத்தில் இது போதாது என்பது மாநிலத்துக்கும் தெரியும். 300 டாலரைத் தாண்டிய செலவுக்குத் துணை மானியம் உண்டு. எந்த க்ரூமர் எந்த இரவில் எத்தனை மைல் போனது என்பதை ஜிபிஎஸ் வழியாகப் பதிந்து காட்ட வேண்டும். ஆனால் கேட்பவர்களின் மொத்தத் தொகை கையிருப்பைவிட அதிகமானால் எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துத் தருவார்கள். செய்து முடித்த வேலைக்கு முழுப்பணம் வருமா என்பது பனிக்காலம் முடிந்த பிறகே தெரியும்.

இந்த ஏற்பாட்டின் முக்கியமான கோளாறு காலப்பொருத்தம். பெட்ரோல் வரிப் பங்கு முந்தைய ஆண்டின் பிப்ரவரிக் கடைசி நாளன்று பதிவிலிருந்த வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பனி குறைந்த ஒரு ஆண்டில் பலர் பாஸ் வாங்க மாட்டார்கள், பதிவைப் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடுவார்கள். அதன் விளைவு அடுத்த ஆண்டுக் கணக்கில் இறங்கும். அந்த அடுத்த ஆண்டு கடும்பனி பெய்தால், வண்டிகள் பெருகி, தடம் விரைவாகக் கெட்டு, க்ரூமர் இரவுக்கு இரவு ஓட வேண்டியிருக்கும். வறண்ட ஆண்டின் பணத்தை வைத்துக்கொண்டு வளமான ஆண்டின் செலவைச் சமாளிக்க வேண்டும்.

2023-24 குளிர்காலம் இந்தக் கோளாறைப் பளிச்சென்று காட்டியது. மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் பதிவான குளிர்காலங்களிலேயே மிகவும் வெப்பமானது அது. மினசோட்டாவின் பெயர்பெற்ற பேர்கிரீஸ் நாய்வண்டி ஓட்டப்பந்தயம் ரத்தானது. விஸ்கான்சினின் பிர்க்கெபைனர் பனிச்சறுக்கு ஓட்டத்தை, செயற்கைப் பனி தூவிய 10 கிலோமீட்டர் வளையத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தி முடித்தார்கள். வடபகுதிக் கவுன்டிகளில்கூட ஸ்னோமொபைல் தடங்கள் சில நாட்களே திறந்திருந்தன, பல இடங்களில் திறக்கவே இல்லை. க்ரூமர் ஓடாததால் டீசல் செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் எந்திரக் கடனுக்கான தவணை நிற்காது, காப்பீடு நிற்காது. அறிவிப்புப் பலகைகளை நட்டாயிற்று. நட்டதைப் பிடுங்கவும் வேண்டும். கிளப்பின் பான்கேக் விருந்துகளுக்கும், ஐந்து நிறுத்தங்களில் ஐந்து சீட்டு எடுத்துச் சேர்க்கும் போக்கர் ஓட்டங்களுக்கும் ஆள் வரவில்லை. மானியம் எட்டாத பள்ளத்தைக் கிளப்கள் நிரப்பிக்கொள்வது அந்த வசூலில்தான்.

மற்ற மாநிலங்கள் இதே சிக்கலை வெவ்வேறு முனையில் பிடித்திருக்கின்றன. மிச்சிகனில் தடத்தில் ஓட்ட ஆண்டு அனுமதிச்சீட்டு வேண்டும். 2016இல் 48 டாலராக இருந்தது, 2021இல் 52 ஆனது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தில் கெஞ்ச வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. அங்கே கிளப்களுக்கு, சீரமைத்த மைலுக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். செய்த வேலைக்குக் கூலி என்ற அளவில் இது நேர்மையானது. ஆனால் வேலை செய்யத் தயாராக இருப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறதே, பனியில்லாத ஆண்டில் அதைத் தாங்குவது யார்?

நியூயார்க்கின் வழி என்னை மிகவும் கவர்ந்தது. வண்டிப் பதிவு பல ஆண்டுகளாக 100 டாலராக இருந்தது. கிளப் உறுப்பினர் என்றால் 45 டாலர். விஸ்கான்சினின் பாஸும் அப்படித்தான்: உறுப்பினருக்கு 10 டாலர், மற்ற மாநிலவாசிகளுக்கு 30, வெளிமாநிலத்தவருக்கு 50. உறுப்பினர் சந்தாவைச் சேர்த்தாலும் பலருக்குச் சேர்வதே லாபம் என்ற நிலையை அரசே உருவாக்கிவிடுகிறது. அரசுக்கு அந்தத் தள்ளுபடி ஒரு இழப்பு போலத் தெரியும். உண்மையில், கிளப்புக்குச் சந்தாவும், அதைவிட முக்கியமாக ஆளும் கிடைக்கட்டும் என்று அரசு விட்டுக்கொடுக்கும் பணம் அது. வந்தவர்களில் பலர் பெயருக்கு உறுப்பினர்கள்தான். ஆனாலும் நூறு பேரில் ஐந்து பேர் நவம்பரில் ரம்பத்தோடு காட்டுக்கு வந்தால் அந்தக் கிளப் பிழைத்துக்கொள்ளும். வெர்மான்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 1967இல் தொடங்கிய வாஸ்ட் என்ற சங்கத்திடமே தட வலை முழுவதையும் ஒப்படைத்திருக்கிறது. உறுப்பினராகி, தடப் பராமரிப்புக் கட்டணமும் கட்டியவர்தான் அங்கே ஓட்ட முடியும்.

பெட்ரோல் எரிக்காத ஸ்னோமொபைல்களும் சந்தைக்கு வந்துவிட்டன. இன்று அவை சொற்பம். பதிவான வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் விஸ்கான்சினில் மின்வண்டியும் காகிதத்தில் 50 கேலன் எரித்துக்கொண்டிருக்கும், அதனால் தடத்துக்கு உடனடி நட்டமில்லை. கார்கள் மின்சாரத்துக்கு மாறும்போது, விற்கும் பெட்ரோலில் ஒரு சதவீதத்தை நம்பியிருக்கும் மினசோட்டாவின் கணக்குத்தான் மெல்லச் சுருங்கும். இன்று உறுதியாகத் தெரியும் சூத்திரம் நீண்டகாலத்தில் அப்படி இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பேரேட்டில் இருப்பவை. இல்லாத ஒன்று நிலம்.

விஸ்கான்சின் தடங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் தனியார் நிலத்தின் மேல் போகிறது. வெர்மான்டில் சுமார் 80 சதவீதம். மெய்ன் மாநிலத்தில் 14,000 மைல் தடத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் நிலம்தான், பெரும்பகுதி மரக்கம்பெனிகளின் காடு. இந்த நிலத்துக்குப் பொதுவாக வாடகை கிடையாது. கிளப் நிர்வாகி இலையுதிர் காலத்தில் வீடு வீடாகப் போய், விவசாயியின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இந்த ஆண்டும் உங்கள் வயல் ஓரமாகப் போக விடுங்கள் என்று கேட்கிறார். பயிர் அறுத்தாக வேண்டும், தரை உறைந்தாக வேண்டும். அதற்குப் பிறகே வாயில்கதவு திறக்கும். விபத்து நடந்தால் நிலக்காரர்மேல் வழக்கு வராமலிருக்கப் பொழுதுபோக்குக்காக நிலம் திறந்துவிடுபவர்களைக் காக்கும் சட்டங்கள் இருக்கின்றன. விஸ்கான்சின் சட்டத்தில் அது 895.52ஆம் பிரிவு. அது இல்லையென்றால் எந்த வழக்கறிஞரும் தன் கட்சிக்காரரைக் கையெழுத்திட விடமாட்டார்.

ஆக, நிலக்காரருக்குக் கிடைப்பது பாதுகாப்பு மட்டுமே, பலன் எதுவுமில்லை. ஆண்டுக்கு ஒரு நன்றி விருந்து, சில இடங்களில் ஒரு பரிசுக்கூடை. அந்த நன்றி உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தலைமுறை மாறுகிறது. அப்பா சொன்ன வாக்கை நகரத்தில் வளர்ந்த மகன் காப்பாற்ற வேண்டிய கட்டாயமில்லை. நாற்பது ஏக்கரை நான்கு பேருக்குப் பிரித்து விற்றால் கேட்க வேண்டிய கையெழுத்து நான்காகிறது. ஒரே ஒரு ஓட்டுநர் தடத்தை விட்டு விலகிக் குளிர்காலக் கோதுமையின் மேல் ஓட்டிவிட்டால் போதும், வாயில்கதவு மூடிக்கொள்ளும். ஒரு வாயில் மூடினால் அதன் இரு பக்கமும் இருக்கும் பல மைல் தடம் பயனற்றுப் போகும். சுற்றி வளைத்துப் புதுவழி போடக் கிளப் படும் பாடும் பணமும், அந்த நிலத்தின் உண்மையான விலை எவ்வளவு என்பதை அப்போதுதான் காட்டும்.

இந்த விலையைப் புரிந்துகொண்டவர்கள் கியூபெக் விவசாயிகள். அந்த மாகாணத்தில் சுமார் 33,000 கிலோமீட்டர் தடம் உண்டு. சொத்து வரி தொடர்பாக அரசோடு மோதல் வந்தபோது அவர்களுடைய சங்கம் சாலையை மறிக்கவில்லை. தங்கள் நிலத்தில் ஸ்னோமொபைல் போக விடமாட்டோம் என்று அறிவித்தது. குளிர்காலச் சுற்றுலாவை நம்பிய விடுதிகளும் பெட்ரோல் நிலையங்களும் அரசை நெருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இலவசமாகத் தந்த ஒன்றை நிறுத்துவதுதான் அவர்களிடம் இருந்த வலுவான ஆயுதம்.

நிலத்தின் பங்கைக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம். வாடகை கொடுக்கச் சொல்லவில்லை; மைலுக்கு 300 டாலர் மானியத்தில் அதற்கு இடமில்லை. மேலும் வாடகை வாங்கியதும் பொழுதுபோக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை நிலக்காரர் இழக்க நேரும் அபாயமும் உண்டு. சொத்து வரியில் ஒரு கழிவு கொடுக்கலாம். இதற்கு முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், காடும் வயலுமாக நிலத்தை வைத்திருப்பவர் பொதுமக்களுக்கு அதைத் திறந்துவிட்டால், வரிக்கான மதிப்பில் 20 சதவீதம் குறைக்கிறார்கள். அதற்கு அவர் ஆறு செயல்களுக்கு இடம் தர வேண்டும்: பனிச்சறுக்கு, பனிக்காலணி நடை, மீன்பிடிப்பு, வேட்டை, மலைநடை, இயற்கையைப் பார்த்தல். ஸ்னோமொபைல் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் ஏழாவதாக அதைச் சேர்க்கத் தேவையில்லை. மோட்டாரை விரும்பாத நிலக்காரர்கள் இருக்கிற கழிவையும் கைவிடுவார்கள். தன் நிலத்தின் மேல் அங்கீகரிக்கப்பட்ட தடம் போகிறது என்று கவுன்டி சான்று தரும் நிலக்காரருக்கு, தடத்தின் நீளத்துக்கு ஏற்ப, தனிக் கழிவு ஒன்று. எந்த நிலத்தில் எத்தனை மைல் என்ற கணக்கு க்ரூமரின் ஜிபிஎஸ்ஸில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருக்கிறது.